பட்ஜெட் என்றால் தோல் பை

சென்ற பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கு வாசித்து முடித்ததும், இரண்டாம் மாடியில் இருக்கும் ஓர் அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "கார்ப்பஸ்னு ஒண்ணு போட்டிருக்கீங்க, சிங்கிங் ஃபண்டுனு ஒண்ணு போட்டிருக்கீங்க. ரெண்டும் நாங்க கட்டின பணம்தானே? இதுல எது திரும்ப வரும், எது வராது?"

சிலர் சிரித்தார்கள். நேரமாகிவிட்டதால் கேள்வி அப்படியே நின்றுபோனது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கும் பதில் தெளிவாகத் தெரியவில்லை. மாதாமாதம் கட்டுகிறோம், ரசீது வாங்குகிறோம். ஆனால் ரசீதில் இருக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டதில்லை.

பதில் தேடி அகராதிகளையும் சரித்திரப் புத்தகங்களையும் புரட்டியபோது, வேலூர் மாவட்டத்துக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை கிடைத்தது. ஆங்கிலத்தின் பணச் சொற்களில் சில தோலிலிருந்து பிறந்தவை. இன்னும் சில நம் பக்கத்திலிருந்தே போனவை. அந்தச் சொற்களின் பொருள் தெரியாததால் ஒருகாலத்தில் மிகப் பெரிய விலை கொடுத்தவர்களும் நம் பக்கத்து மக்கள்தான்.

தோலில் பிறந்த சொற்கள்

முதலில் பட்ஜெட். பழைய பிரெஞ்சு மொழியில் 'பூஜெத்' என்றால் சிறிய தோல் பை. அதற்கு மூலமான லத்தீன் சொல் 'புல்கா', அதுவும் தோல் பைதான். ஆங்கிலத்துக்கு வந்தபோது பட்ஜெட் என்பது பையைத்தான் குறித்தது. பிறகு பைக்குள் இருக்கும் காகிதங்களைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஆண்டுக் கணக்கை வெளியிடுவதை 'பட்ஜெட்டைத் திறப்பது' என்று சொல்லத் தொடங்கினார்கள். பையைத் திறந்தார், கணக்கு வெளியே வந்தது.

இந்தியாவுக்கு முதல் பட்ஜெட்டை 1860இல் ஜேம்ஸ் வில்சன் தாக்கல் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் நம் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் நிதியமைச்சர்கள் கையில் தோல் பெட்டியோடு நாடாளுமன்றப் படியேறும் படம் வருடம் தவறாமல் பத்திரிகையில் வந்தது. 2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன் சிவப்புத் துணி சுற்றிய கணக்குப் புத்தகத்தோடு வந்தார். 2021 முதல் அதே சிவப்புத் துணிக்குள் ஒரு டேப்லெட். தோல் போனாலும் பட்ஜெட் என்ற பெயர் போகவில்லை.

அடுத்து பர்ஸ். கிரேக்க மொழியில் 'புர்சா' என்றால் உரித்த தோல். அது லத்தீனில் பை ஆயிற்று, ஆங்கிலத்தில் பர்ஸ் ஆயிற்று. கல்லூரிகளில் கட்டணம் வாங்கும் அதிகாரியை பர்சார் என்கிறோமே, அவர் பை வைத்திருப்பவர். மருத்துவச் செலவுக்கு பில் கொடுத்து ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கிறோமே, அதன் நேர்ப்பொருள் 'திரும்பவும் பைக்குள் போடுவது'. ஐரோப்பாவில் பங்குச் சந்தையை 'பூர்ஸ்' என்பதும் இந்தத் தோல் பையின் வழிவந்ததே.

டாலரை அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் 'பக்' என்பார்கள். பக் என்றால் ஆண் மான். 18ஆம் நூற்றாண்டில் அங்கே எல்லைப்புறங்களில் மான் தோலைக் கொடுத்துத்தான் சாமான் வாங்கினார்கள். ஒரு துப்பாக்கிக்கு இத்தனை பக், ஒரு கம்பளிக்கு இத்தனை பக் என்று விலை சொல்வார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நாம் தோலை டாலருக்கு விற்கிறோம். அங்கே ஒருகாலத்தில் தோலே டாலராக இருந்திருக்கிறது.

தோலுக்கு முன்னால் மாடு. பணம் சம்பந்தப்பட்டதைக் குறிக்கும் 'பெக்யூனியரி' என்ற சொல், கால்நடையைக் குறிக்கும் 'பெகுஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. பள்ளிக்குக் கட்டும் ஃபீஸ், பழைய ஜெர்மானிய மொழிகளில் ஆடுமாட்டைக் குறித்த சொல்லுக்கு உறவு. தொழிலுக்குப் போடும் கேப்பிடலும், கால்நடையைக் குறிக்கும் கேட்டிலும் ஒரே வேரின் பிள்ளைகள். இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பழந்தமிழில் 'மாடு' என்றாலே செல்வம் என்ற பொருளும் உண்டு. திருக்குறள் படித்தவர்களுக்கு இது தெரியும்.

கேஷும் காசும்

கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்துதான் போனது என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. பாதி சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன.

ரொக்கம் என்ற பொருளில் நாம் தினமும் சொல்லும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கடையில் நாம் சொல்லும் கல்லாப்பெட்டிதான் முதலில் கேஷ். பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்குப் போய்விட்டது.

இன்னொரு கேஷ், சின்னச் செப்புக் காசு. இதுதான் நம்முடையது. தமிழ்க் காசைப் போர்ச்சுக்கீசியர்கள் 'காஷா' என்றார்கள், ஆங்கிலேயர்கள் 'கேஷ்' என்றார்கள். பிறகு கிழக்கு நாடுகளில் பார்த்த சில்லறைக் காசுக்கெல்லாம் அதே பெயரை வைத்தார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசுக்கும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றுதான் பெயர்.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக 1803இலும் 1808இலும் இந்தக் காசுகளை இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சடித்தது. அவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. முக்குளிப்போர் பிற்காலத்தில் அள்ளி எடுத்த காசுகள் இன்றும் நாணயச் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. 20 காசு நாணயத்தின் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ் என்றும், அதற்கு மேல் பாரசீக எழுத்தில் '20 காஸ் 4 ஃபலூஸ் ஆகும்' என்ற பொருளிலும் பொறித்திருக்கும். நம் குடியிருப்பில் உருது படிக்கத் தெரிந்தவர்கள் அந்த 'காஸ்' என்ற எழுத்தை எளிதாகப் படித்துவிடலாம். தமிழ்ச் சொல், பாரசீக எழுத்து, ஆங்கிலக் கம்பெனி. நம் ஊர் எப்படிப்பட்டது என்பதற்கு அந்த ஒரு காசே சாட்சி.

அந்தக் காலத்து வாய்ப்பாடு இது: 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3360 காசு. பணத்தை ஆங்கிலேயர்கள் 'ஃபனம்' என்றார்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபனோன்' என்றார்கள். அரபியில் 'ப' ஒலி கிடையாது. அரபு வணிகர்கள் வாய்வழியாகத்தான் பணம் ஃபனம் ஆயிற்று என்பார்கள். பன்றி உருவம் பொறித்த விஜயநகரப் பொற்காசிலிருந்து நமக்கு வராகன் என்ற பெயர் வந்தது. ஆங்கிலேயர்களோ கோயிலைக் குறிக்கும் 'பகோடா' என்ற பெயரால் அதை அழைத்தார்கள். இந்தியாவுக்குப் போய்ச் சீக்கிரம் பணக்காரன் ஆவதை அவர்கள் 'பகோடா மரத்தை உலுக்குவது' என்று கேலியாகச் சொல்வார்கள். அந்த மரம் எங்கே இருந்தது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

நோட்டமும் பேட்டாவும்

பல ஊர்க் காசு புழங்கிய காலத்தில், காசைப் பார்த்து அசலா போலியா, எடை குறைவா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவர் சராப்பு. அரபுச் சொல்லான 'சர்ராஃப்' தமிழில் சராப்பு ஆயிற்று, ஆங்கிலத்தில் 'ஷ்ராஃப்' ஆயிற்று. இன்றும் ஹாங்காங்கில் கார் நிறுத்துமிடத்தில் பணம் கட்டும் இடத்துக்கு 'ஷ்ராஃப்' என்றுதான் பலகை இருக்கும். அவர் செய்த வேலைக்குத் தமிழில் நோட்டம் என்று பெயர். 'என்ன, நோட்டம் விடுகிறாயா?' என்று நாம் கேட்கும்போது, காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்த மனிதர்தான் பேச்சில் வந்து போகிறார்.

சென்னைத் துறைமுகத்துக்கு லோடு ஏற்றிப் போகும் டிரைவருக்குச் சம்பளம் தனி, பேட்டா தனி. இது கம்பெனிப் படையின் சொல். சிப்பாய்கள் முகாமை விட்டு வெளியே போனால் சம்பளத்துக்கு மேல் கொடுத்தது 'பத்தா'. கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது என்று ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி சொல்கிறது. 1886இல் வெளிவந்த அந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நெல் பத்தா ஆனது போலவே, தமிழில் அளக்கும் படி பயணப்படி ஆயிற்று, அகவிலைப்படி ஆயிற்று. ஓய்வூதியம் வாங்கும் நம் நண்பர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எதிர்பார்த்திருக்கும் அந்தப் படி, ஒருகாலத்தில் தானியம் அளந்து கொடுத்த படிதான்.

ஆம்பூர்ப் போரும் ஆர்க்காட்டுக் கடனும்

இனி வருத்தமான பகுதி.

1749 ஆகஸ்டில் ஆம்பூரில் ஒரு போர் நடந்தது. சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையோடு வந்து ஆர்க்காட்டு நவாப் அன்வருதீனைத் தோற்கடித்தார்கள். நவாப் களத்திலேயே இறந்தார். மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பிப் போனார். பிறகு ஆங்கிலேயர் உதவியோடு நவாப் ஆனார். வாலாஜாபேட்டையின் பெயரில் இருக்கும் வாலாஜா இவர்தான்.

அந்த உதவி இலவசம் இல்லை. படைச் செலவைக் கம்பெனி நவாபின் கணக்கில் எழுதியது. அதைக் கட்ட நவாப் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் பலர் அதே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு தனிப்பட்ட முறையில் வட்டிக்கு விட்டார்கள். இவர்களில் பேர்போனவர் பால் பென்ஃபீல்ட். இந்தக் கடனை முழுவதுமாகத் திருப்பிக் கட்டச் செய்ய லண்டனில் அரசே முடிவெடுத்தபோது, எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார். 'ஆர்க்காட்டு நவாபின் கடன்கள்' என்ற பெயரில் அந்தப் பேச்சு அச்சிலும் வந்தது.

அந்தப் பேச்சில் நம் ஊர்ச் சொற்கள் வருகின்றன. ஒன்று 'சவுக்கார்'. வட்டிக்குப் பணம் கொடுப்பவர். சென்னை சவுக்கார்பேட்டையை அறிந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. இன்னொன்று 'டன்கா'. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் வீடுகளில் மாதச் சம்பளத்தைத் 'தன்கா' என்பார்களே, அதே சொல். ஆனால் அன்றைக்குப் பொருள் வேறு. ஒரு பகுதியின் நிலவரியை ஒருவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. நவாப் கையில் ரொக்கம் இல்லை. ஆகவே கடன்காரருக்குத் தன்கா எழுதிக் கொடுத்தார். இன்ன சீமையின் வரி இனி உனக்கு என்று பொருள். கடன்காரருக்கு வேண்டியது பணம். ஏரி தூர்ந்தால் என்ன, மழை பொய்த்தால் என்ன? வரி வசூலிக்கும் குத்தகைக்காரரை அவர் நெருக்கினார், குத்தகைக்காரர் உழவரை நெருக்கினார். சென்னையில் கையெழுத்தான ஒரு காகிதத்துக்கு, அதைக் கண்ணாலும் பார்க்காத ஆர்க்காட்டு உழவர் நெல்லை அளந்தார்.

கம்பெனி 1801இல் கர்நாடகப் பகுதியைத் தானே எடுத்துக்கொண்டது. பிறகு மிச்சக் கடன்களை ஆராய ஆணையர்களை வைத்தார்கள். முதல் பத்து ஆண்டுகளில் அவர்கள் முன் வந்த தனியார் கோரிக்கைகள் 2 கோடிப் பவுண்டுக்கு மேல். அவற்றில் செல்லும் என்று அவர்கள் ஏற்றது சுமார் 13 லட்சம் பவுண்டுதான். கடன் என்ற பெயரில் எழுதியிருந்ததில் பெரும்பகுதி கடனே இல்லை. ஆனால் அதற்கு முந்தைய கடன்களுக்கு எந்த விசாரணையும் இல்லாமல் வரிப்பணம் போயிருந்தது. பகோடா மரம் எங்கே இருந்தது என்று கேட்டால், அதன் வேர் நம் பாலாற்றங்கரை வயல்களில் இருந்தது.

வராகன் கணக்கு 1818இல் முடிந்தது. அதன் பிறகு சென்னை மாகாணத்தில் ரூபாய்தான் அடிப்படை. மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று கணக்கை மாற்றினார்கள்.

அட்வான்ஸ்: ஒரு சொல், மூன்று பொருள்

இது 200 வருடத்துக்கு முந்தைய கதைதானே என்று தோன்றலாம். இன்று நாம் தினமும் சொல்லும் ஒரு சொல்லைப் பாருங்கள்: அட்வான்ஸ்.

கடையில் சோபா ஆர்டர் செய்து அட்வான்ஸ் கொடுத்தால், அது விலையில் ஒரு பகுதி. பில்லில் கழித்துக்கொள்வார்கள். திரும்ப வராது.

வீடு வாடகைக்கு எடுத்து அட்வான்ஸ் கொடுத்தால், அது ஈட்டுத்தொகை. காலி செய்யும்போது திரும்ப வர வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு 'செக்யூரிட்டி டெபாசிட்' என்று பெயர். நாம்தான் அட்வான்ஸ் என்கிறோம். வெளிமாநிலத்திலிருந்து மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வேலூர் வந்து வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கேட்டு, முன்கூட்டியே கட்டும் வாடகை என்று நினைத்துக் குழம்புவதை நானே பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் இந்தத் தொகையைக் கேட்கக் கூடாது என்கிறது. 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்பதைக் கவனியுங்கள். நாம் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது பொருள்தான் கொடியது. செங்கல் சூளையில், அரிசி ஆலையில், பீடித் தொழிலில் வேலைக்கு முன்னால் ஒரு தொகை கொடுப்பார்கள். அதற்கும் அட்வான்ஸ் என்றுதான் பெயர். சம்பளத்தில் கழித்துக்கொண்டே இருப்பார்கள், கணக்கு மட்டும் தீராது. தீரும்வரை குடும்பம் வேறு வேலைக்குப் போக முடியாது. நம் வட ஆர்க்காட்டில் பிள்ளைகளைக்கூட இப்படி அட்வான்ஸுக்கு ஈடாகப் பீடி சுற்ற அனுப்பிய காலம் நம் நினைவிலேயே இருக்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் வரையறுத்த முதல் சொல்லே 'அட்வான்ஸ்'தான். ரொக்கமாகவோ பொருளாகவோ கொடுத்தது எல்லாம் இதில் அடங்கும் என்று எழுதினார்கள். அந்தச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நம் குடியிருப்பில் வேலைக்கு வருபவர்களுக்கு நாமும் அட்வான்ஸ் கொடுக்கிறோம். எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு கழித்தோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்திருக்கிறோமா?

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில்

கார்ப்பஸ் என்றால் லத்தீனில் உடல். பணத்தில் அது முதல், அதாவது தொடாமல் வைக்கும் அடித்தொகை. வீடு வாங்கும்போது ஒருமுறை கட்டியது. பொதுவாக அதன் வட்டியைத்தான் செலவுக்கு எடுப்பார்கள்.

சிங்கிங் ஃபண்டுக்கும் மூழ்கிப்போன பணத்துக்கும் சம்பந்தம் இல்லை. 1717 வாக்கில் பிரிட்டனில் வால்போல் காலத்தில், அரசின் கடனை மெல்ல மெல்ல இறக்க ஒரு தொகையை ஒதுக்கினார்கள். மூழ்கடிக்க நினைத்தது கடனைத்தான், பணத்தை அல்ல. இன்று குடியிருப்புகளில் லிஃப்ட் மாற்ற, வெளிச்சுவருக்கு வர்ணம் பூச, குழாய்களைப் புதுப்பிக்க என்று வருங்காலப் பெருஞ்செலவுக்குச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது இது. மெயின்டனன்ஸ் என்பது அந்தந்த மாதச் செலவு.

ஆக, எது திரும்ப வரும்? பெரும்பாலான சங்கங்களில் இவை எதுவும் கையில் திரும்ப வராது. வீட்டை விற்றால் இந்தப் பங்கு வீட்டோடு வாங்குபவருக்குப் போகும். விலை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேச வேண்டும். இதை அன்றே சொல்லியிருந்தால் பாதிப் பேருக்குப் பயன்பட்டிருக்கும். அந்த அம்மாவின் கேள்வியில் சிரிக்க எதுவும் இல்லை.

கிரெடிட் என்ற சொல்லுக்கு மூலம் 'நம்புதல்' என்ற லத்தீன் சொல். ஆம்பூர் ஷூ கம்பெனிகள் எல்.சி. வாங்கிச் சரக்கு அனுப்புவது அந்த நம்பிக்கையில்தான். நாம் இன்னும் ஒரு படி மேலே போய், காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறோம்: நாணயம்.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த காலாண்டு முதல் வரவு செலவுக் கணக்கில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் தமிழில் ஒரு வரி விளக்கம் போடுங்கள். எதற்கு வாங்கினோம், எந்த வங்கியில் இருக்கிறது, யார் தொடலாம், திரும்ப வருமா என்ற நான்கும் இருந்தால் போதும். உருதில் போட உதவ ஏ பிளாக்கில் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் அந்த அம்மாவையே முதலில் வாசிக்கச் சொல்லலாம். அவருக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும்.